செக்கிங்கை வரவழைத்த கண்டக்டர்

குழந்தைகள் காப்பகத்தின் வாசலில் ‘படியில் நிற்காதே’ என்று போர்டு மாட்டிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் சமயநல்லூரில் இருக்கிறார். ஊரில் அவருக்குப் பெயர் டபுள் விசில். ரேஷன் கார்டில் வேறு ஏதோ பெயர் உண்டு. அதைச் சொல்லி விசாரித்தால் அவரே பக்கத்து வீட்டைக் கை காட்டுவார்.

சோழவந்தானிலிருந்து ஆரப்பாளையம் போகும் தனியார் பஸ்ஸில் ஆயுசு முழுக்கக் கண்டக்டர். வேலைக்குப் போகும் பெண்கள் இடுப்பில் பிள்ளையோடு ஏறுவார்கள். “அண்ணே, ஒரே ஒரு ட்ரிப்பு பாத்துக்கங்க, இந்தா வந்துர்றேன்” என்று பிள்ளையை சீட்டில் வைத்துவிட்டு இறங்கிவிடுவார்கள். அந்த ஒரு ட்ரிப் சாயங்காலம்தான் முடியும். ஒரு கட்டத்தில், டிக்கெட் எடுத்தவர்களைவிட எடுக்காத பொடிசுகள் அதிகமாகி, முதலாளி சத்தம் போட, அண்ணன் பஸ்ஸை விட்டு இறங்கினார். பின்னாலேயே பிள்ளைகளும் இறங்கிவிட்டார்கள். காப்பகம் பிறந்த கதை இதுதான் என்பார். அவர் மனைவி புஷ்பம் அக்கா சொல்வது வேறு. “எனக்கு ஒத்தாசையா வீட்டோட இருக்கேன்னு வந்தாரு தாயி. வாறப்பவே ஒரு பஸ்ஸு பிள்ளைகளக் கூட்டிட்டு வந்துட்டாரு.”

நான் சமூகப்பணி படித்த கையோடு, இந்த மாதிரிக் காப்பகங்களுக்கு அரசுத் திட்டங்களை வாங்கித்தரும் ஒரு சின்ன அமைப்பில் சேர்ந்திருந்தேன். மூன்று மாதத்தில் நாட்டையே திருத்திவிடலாம் என்ற அவசரத்தில் இருந்த காலம். முதல் நாள் உள்ளே நுழைந்தபோது அண்ணன் தோளில் தோல் பையோடு நின்று, வரும் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரு பழைய டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னையும் விடவில்லை.

“எங்க போகணும்?”

“உங்களப் பாக்கத்தான்ணே வந்தேன்.”

“அப்ப உள்ள போ தாயி. வழியில நிக்காத. உள்ள எம்புட்டு எடம் கெடக்கு!”

ஒரு விசில் அடித்தால் பிள்ளைகள் படுத்துத் தூங்க வேண்டும். இரண்டு விசில் என்றால் சோறு. ஊட்டுவதும் ரூட்படிதான். முதல் வாய் சோழவந்தான். அடுத்தது சமயநல்லூர், பிறகு பரவை, விளாங்குடி, கடைசி வாய் ஆரப்பாளையம். பாதியில் வாயை மூடிக்கொள்ளும் பிள்ளையைப் பார்த்து, “பரவையிலயே எறங்குறியே மாப்ள, ஆரப்பாளையத்துல அப்பளம் நிக்குதுடா!” என்பார். விண்ணப்பத்துக்காக, “ஒரு குழந்தை சராசரியா எவ்வளவு சாப்பிடும்ணே?” என்று கேட்டேன். யோசித்துவிட்டு, “சாம்பார்னா விளாங்குடி வரைக்கும் வருவாங்க. கீரைன்னா சமயநல்லூரத் தாண்டுறதே கஷ்டம்” என்றார்.

மழை நாளில் பிள்ளைகள் வெளியே போக முடியாதபோது ஒரு விளையாட்டு உண்டு. அதற்குப் பெயர் செக்கிங். அண்ணன் நீளமாக ஒரு விசில் அடிப்பார். உடனே அத்தனை பேரும் கிடைத்த இடத்தில் ஒளிந்து, மூச்சுக் காட்டாமல் இருக்க வேண்டும். அவர் பஸ்ஸில் கூட்டம் பிதுங்கிய நாட்களில், ஓவர்லோடு பிடிக்கும் செக்கிங் வழியில் நிற்கிறது என்று எதிர் பஸ் டிரைவர் லைட்டைப் போட்டுக் காட்டினால், நிற்கிறவர்கள் எல்லாம் சீட்டுக்கு நடுவே குத்தவைத்து உட்கார்ந்துவிடுவார்களாம். “அன்னைக்கு அவுக உக்காராட்டி நான் மாட்டிருப்பேன்” என்று பிள்ளைகளிடம் கதையாகச் சொல்வார். கண் விரியக் கேட்பார்கள்.

இவ்வளவு நாளும் காப்பகத்துக்கு அரிசி கொடுத்துவந்த உள்ளூர் ரைஸ்மில்காரர், மில்லை மூடிவிட்டு மகனோடு போய் இருக்கப் போவதாகச் சொன்னார். அடுத்த மாதத்திலிருந்து அரிசி இல்லை. ஆரப்பாளையம் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் செல்வி, தன் நான்கு வயது மகள் யாழினியை விட வந்தபோது என்னைத் தனியாக நிறுத்திக் கேட்டாள். “இங்க மத்தியானச் சோறு இல்லைன்னா நான் வேலைய விட்டுட்டு வீட்ல கெடக்க வேண்டியதுதான். கெடைச்சிருமாக்கா?”

கிடைக்கும் என்றேன். வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகங்களுக்கு மதியச் சோற்றுச் செலவை அரசு திருப்பித் தரும் திட்டம் இருந்தது. கட்டடம் உறுதி என்ற சான்று, தண்ணீர்ப் பரிசோதனை, சமையலுக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு, அறக்கட்டளைப் பெயரில் வங்கிக் கணக்கு, வாரம் முழுவதற்கும் சாப்பாட்டுப் பட்டியல், தாய்மார் வேலை பார்ப்பதற்கு அத்தாட்சி. எல்லாவற்றுக்கும் அண்ணன் அலுக்காமல் அலைந்தார். கடைசியில், “ஒருநாள் அதிகாரி நேர்ல வந்து பாப்பாங்கண்ணே” என்றதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“செக்கிங்கா?”

“செக்கிங் இல்லண்ணே. ஆய்வு.”

“பேர மாத்துனா ஆளு மாறுமா தாயி? ஊர் ஒலகத்துல எந்தக் கண்டக்டராச்சும் செக்கிங்குக்கு மனுப் போட்டு வரச் சொல்லுவானா?”

“அவங்க வந்து, பிள்ளைங்க இருக்கறதப் பாத்தாத்தான் சோறு.”

“சரி” என்றார், ஊசிக்குக் கை நீட்டுகிறவர் மாதிரி.

அந்த நாளும் வந்தது. நான் அடுப்படியில் புஷ்பம் அக்காவுக்குத் தலையில் உறை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். “இத மாட்டுனா சாம்பார் ருசியா இருக்குமாக்கும்?” என்று அக்கா கேட்ட அதே நிமிடம், வாசலிலிருந்து ஒரு விசில் கேட்டது. நீளமான விசில்.

ஓடிவந்தேன். வாசலில் அரசு ஜீப். அதன் எதிரே விறைத்து நின்ற அண்ணன் வாயில் இன்னும் விசில். பின்னால் கூடத்தில் ஒரு பிள்ளைகூட இல்லை. வரிசையாகத் தட்டு, தட்டுக்குப் பக்கத்தில் டம்ளர், மேலே சுற்றும் மின்விசிறி. அவ்வளவுதான்.

ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரியம்மா கூடத்தைப் பார்த்தார். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார்.

“பிள்ளைங்க எங்க?”

அண்ணனுக்குப் பழக்கதோஷம், வாய் தானாகப் பேசியது. “எல்லாரும் எறங்கிட்டாங்க மேடம். நம்ம வண்டியில ஓவர்லோடே கெடையாது.”

“அண்ணே!” என்று நான் அலறிய அலறலில்தான் அவருக்கு நினைவு வந்தது. படபடவென்று இரண்டு விசில் அடித்தார். பாய்ச் சுருளிலிருந்து இருவர் உருண்டார்கள். பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. கூட்டத்தோடு கூட்டமாக, மூலையில் கவிழ்த்திருந்த அண்டா தானாக நகர்ந்தது. அதிகாரியம்மா இரண்டு அடி பின்னால் போனார்.

பிறகு பட்டியலை வைத்துப் பெயர் பெயராகக் கூப்பிட்டார். எல்லோரும் இருந்தார்கள். “யாழினி” என்றபோது பதில் இல்லை. இன்னொரு முறை கூப்பிட்டார்.

அண்ணன் கழிப்பறை, கொல்லை, தண்ணீர்த் தொட்டி, வாசல் ரோடு என்று ஓடினார். “யாழினி! ஆத்தா! வெளிய வா ஆத்தா!” விசிலைத் தூக்கி எறிந்துவிட்டார்.

அதிகாரியம்மா பேனாவை மூடினார். “ஒரு பிள்ளை எங்க இருக்குன்னே தெரியாத எடத்துக்கு நான் எப்படிங்க எழுதிக் குடுக்கிறது?” என்றார். அதில் கோபம்கூட இல்லை. நியாயம்தான் இருந்தது. செல்வி கேட்ட கேள்வி என் காதில் ஓடியது.

அப்போது அடுப்படிக்குப் பக்கத்து அறையிலிருந்து, மில்காரர் கடைசியாகக் கொடுத்த அரிசி மூட்டைகளுக்குப் பின்னால், ஒரு குரல்.

“செக்கிங் போயிருச்சா?”

முதலில் போனவர் அதிகாரியம்மாதான். மூட்டைக்கு முன்னால் புடவையோடு தரையில் உட்கார்ந்தார்.

“எந்த செக்கிங்கு?”

“தாத்தாவப் புடிக்க வந்திருக்குல்ல, அது. நான் வெளிய வந்தா தாத்தா மாட்டிக்குவாரு.”

“அதான் விசில் அடிச்சுக் கூப்பிட்டாருல்ல?”

“செக்கிங்கு பக்கத்துலயே நிக்கிது. தாத்தா பயந்துக்கிட்டு அடிக்கிறாரு.”

அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதிகாரியம்மா கையிலிருந்த காகிதங்களை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சொன்னார்: “செக்கிங்கு அப்பவே எறங்கிப் போயிருச்சு கண்ணு. சோறு ஆறுது, வா.”

தலை முழுக்க உமியோடு யாழினி வெளியே வந்தாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“அப்ப நீங்க யாரு?”

“நானா? பாசஞ்சர்.”

“டிக்கெட் எடுத்தாச்சா?”

அன்று அண்ணனுக்கு அதிகாரியம்மா கொடுத்த வசவு சாதாரண வசவு அல்ல. ஒளிகிற விளையாட்டு இனிமேல் கிடையாது, கேட்டுக்குத் தாழ்ப்பாள் வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் தலை எண்ண வேண்டும், பத்து நாளில் சொல்லாமல் வருவேன் என்றார். சொன்னபடி வந்தார். பிள்ளைகள் ஆரப்பாளையம் வரை சாப்பிடுவதை உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து போனார்.

ஒரு மத்தியானம் ஆபீஸுக்கு அனுமதி ஆணை வந்தது. உடனே அண்ணனுக்குப் போன் செய்து, மூச்சு விடாமல் முழுவதையும் படித்துக் காட்டினேன்.

“தாயி” என்றார். “மத்தியானத்துக்கு நீ சாப்பிட்டியா?”

“இன்னும் இல்லண்ணே.”

“அப்படியே கெளம்பி வா. ஒனக்கும் சேத்து ஒல வச்சிருக்கு.”

வேலை கிடந்தது. போட்டுவிட்டுப் போனேன்.