குட்டி டிராக்டரும் கோவிந்தராஜுலுவின் நாக்கும்

கோவிந்தராஜுலு ஒரு சபதம் போட்டார். இனி தன் தென்னந்தோப்பில் அடுத்தவன் டிராக்டர் சக்கரம் வைக்கக் கூடாது!

"நசுருதீனோட வாடகை வண்டி எப்ப வருமின்னு பாத்துப் பாத்துக் கண்ணே பூத்துப்போச்சு அம்மணி. நமக்குன்னு ஒண்ணு வாங்கிப்போட்டேன்."

"வாங்கிப்போட்டீங்களா? வாங்கப் போறீங்களா?" என்று கேட்டாள் வரலட்சுமி.

"வெளிய நிக்குது."

நின்றது. சிவப்புக் குட்டி டிராக்டர். தென்னை மட்டையில் இடிக்காமல் இரண்டு வரிசைக்கு நடுவே நுழைந்து வரும் சைஸ். உடுமலைப்பேட்டை வட்டாரத்திலேயே இதைவிட அழகான பொருள் கிடையாது என்று அவருக்குத் தோன்றியது. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அவர் திருப்பிய பக்கம் திரும்பிய முதல் ஜீவன் அதுதான்.

வரலட்சுமி ஆரத்தி எடுத்தாள். சக்கரத்துக்கெல்லாம் எலுமிச்சம்பழம் வைத்தாள்.

"வண்டி நல்லாத்தானுங்க இருக்குது. உங்க நாக்கை நெனச்சாத்தான் எனக்குப் பயமா இருக்குது."

பயத்தில் நியாயம் இருந்தது. வீட்டில் பேசும் தெலுங்கிலும் சரி, ஊரில் பேசும் தமிழிலும் சரி, இல்லை என்ற சொல் மட்டும் அவர் நாக்கில் ஏறியதே இல்லை. கேட்டவர் முகம் வாடினால் இவருக்குச் சோறு இறங்காது.

நசுங்கிய எலுமிச்சம்பழத்தின் ஈரம்கூடக் காயவில்லை. பக்கத்துத் தோட்டத்து ஸ்ரீனிவாஸ் வந்துவிட்டான்.

"ஏனுங்கண்ணா, வண்டி அம்சமா இருக்குதுங்க. ஒரு நாளைக்குக் குடுத்தீங்கன்னா கத்திரிக்காட்டை ஓட்டிப்போடுவனுங்க."

கோவிந்தராஜுலு வாயைத் திறந்தார்.

"அதுக்கென்னுங்க, எடுத்துக்குங்க."

அவ்வளவுதான். வண்டி ஸ்ரீனிவாஸிடமிருந்து அவன் மச்சானுக்குப் போயிற்று. மச்சானிடமிருந்து மச்சானின் பங்காளிக்குப் போயிற்று. வந்தால் சேறோடு வரும், டீசல் இல்லாமல் வரும். பாதி நாள் வரவே வராது. இங்கே தோப்பில் கோரைப்புல் முழங்காலைத் தொட்டது. மழைக்கு முன்னால் உழுது போட்டால்தான் தண்ணீர் மண்ணில் இறங்கும். மேகமோ மலைப்பக்கம் தினம் கூடிக்கொண்டிருந்தது. சொந்த டிராக்டரை அவர் ஓட்டியதெல்லாம் ஷோரூமிலிருந்து வீடு வரைக்கும்தான். அதை நினைத்தால் அழுகை வந்தது.

அழுது அழுது ஒரு யோசனையும் வந்தது. இல்லை என்று சொல்லத் தன் நாக்குக்குத்தானே வராது? பெண்டாட்டி சொன்னதாகச் சொல்லிவிட்டால்?

மேற்குத் தோட்டத்துக் கோமளா வந்து வண்டி கேட்டபோது, அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"நானா இருந்தா இப்பவே குடுத்துப்போடுவனுங்க. வண்டி ஊட்டுக்காரி பேருல இருக்குது. அவ மகா கல்நெஞ்சக்காரி. சாவியை இடுப்புல செருகிக்கிட்டுத்தான் சோறே ஆக்குறா. குடுத்தேன்னு தெரிஞ்சா என்னைய ஊட்டுக்குள்ள உட மாட்டாளுங்க."

"ஐயோ பாவமுங்க நீங்க!" என்று கண் கலங்கிப் போனாள் கோமளா.

மருந்து வேலை செய்தது. கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் அதே மருந்தைக் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் வரலட்சுமியின் நெஞ்சு இன்னும் கொஞ்சம் கல்லாயிற்று. கூட்டம் ஓய்ந்தது. வண்டியைக் கழுவித் துடைத்து, ஞாயிற்றுக்கிழமை உழவு என்று நாளும் குறித்தார்.

சனிக்கிழமை பெருமாள் கோயில் வரிசையில் வரலட்சுமிக்குப் பின்னால் கோமளா நின்றாள்.

வரலட்சுமி வீட்டுக்கு வந்து சத்தம் போடவில்லை. சிரித்த முகமாகக் காபி கொடுத்தாள். அதைப் பார்த்துத்தான் கோவிந்தராஜுலு காபியைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

"ஏனுங்க, வண்டி எம் பேருலயாமா?"

"அது... ஒரு பேச்சுக்கு..."

"பேச்சுக்குன்னாலும் சந்தோசமுங்க. சாவி எங்க?"

கொடுத்தார். அவள் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கேட்டவிங்க எல்லாருக்கும் வண்டி உண்டுன்னு சொல்லிப்போட்டனுங்க. நீங்க கெடுத்த பேரை நான் காப்பாத்தோணுமல்லங்க?"

"அட பெருமாளே! மறுபடியும் ஊரு சுத்துனா வண்டி உருப்படுமா?"

"வெறும் வண்டியை யாருங்க குடுப்பாங்க? ஆளோட அனுப்பறேன்னு சொல்லியிருக்கறேன்."

"எந்த ஆளு?"

வரலட்சுமி கொடியிலிருந்த துண்டை எடுத்து அவர் தலையில் கட்டிவிட்டாள்.

அன்றிலிருந்து ஊர்க்காட்டையெல்லாம் கோவிந்தராஜுலுவே உழுதார். டிராக்டரில் ஏறி உட்கார ஏங்கிய மனிதருக்கு இப்போது இறங்க வழியில்லை. இடுப்பு கழன்றது. கோமளா வரப்பில் நின்று மோர் கொடுத்தாள்.

"உங்க ஊட்டு அம்மணி எத்தனை தங்கமானவிங்க! அவிங்களைப் போயிக் கல்நெஞ்சக்காரின்னீங்களே, அடுக்குமாங்க?"

கோவிந்தராஜுலு மோரை மடக்கென்று குடித்துவிட்டு மறுபடியும் வண்டியில் ஏறினார்.

ஒரு நாள் காலை வானம் கறுத்துக் கிடந்தது. அவர் மனைவி முன்னால் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மணி, நான் சொன்னது தப்புத்தான். இன்னிக்கு ஒரு நாள் நம்ம தோப்பை ஓட்டறதுக்கு உடு. மழை வந்துபோடும்."

"சென்னியம்மாளுக்கு வாக்குக் குடுத்துப்போட்டனுங்களே. அவிங்க சோளக்காடு காத்துக்கிட்டு இருக்குது. நம்ம தோப்புக்கு வேற ஆளுக்குச் சொல்லியாச்சு."

"யாருக்கு?"

வாசலில் ஹாரன் அடித்தது. நசுருதீனின் பழைய வாடகை டிராக்டர் புகை கக்கிக்கொண்டு நின்றது.

"வேண்டாமின்னா நீங்களே போயிச் சொல்லிப்போடுங்க," என்றாள் வரலட்சுமி.

கோவிந்தராஜுலுவுக்கு ரத்தம் கொதித்தது. போட்ட சபதம் நினைவுக்கு வந்தது. தலைத்துண்டை உதறிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தார். நசுருதீன் வண்டியிலிருந்து இறங்கி, மரியாதையாகச் சிரித்தார்.

"ஏனுங்க, தோப்பை ஓட்டிப்போடட்டுங்களா?"

கோவிந்தராஜுலு வாயைத் திறந்தார்.

"அதுக்கென்னுங்க," என்றார், "ஓட்டுங்க."