அறுபத்தொரு கட்டையும் நான்கு கையெழுத்தும்

உலக நிர்வாக வரலாற்றில், ஒரு கீபோர்டைப் பங்கு பிரித்து நான்கு அதிகாரிகளிடம் ஒப்படைத்த முதல் பொருள் காப்பாளன் நான். எங்கள் நைல் டெல்டா ஊரின் கலாசார மாளிகைக்குக் கிடைத்த பெருமை இது.

அரசுப் பொருள் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊழியர் பொறுப்புக் கையெழுத்துப் போட வேண்டும். உடைந்தால் அவர் தலையில் விடியும். ஆகவே புதிய கீபோர்டுக்குக் கையெழுத்துப் போட யாரும் வரவில்லை. வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நிஹால். ஆனால் அவள் ஒன்பது வருடமாக ஒப்பந்த ஊழியர். கையெழுத்துப் போடும் தகுதி இல்லை. ஆளுநர் முன்னால் வாசித்தால் வேலை நிரந்தரம் என்று இயக்குநர் ஷௌக்கத் பே வாக்குக் கொடுத்திருந்தார்.

"இது தானா சத்தம் போடாது பாஷா. கம்ப்யூட்டர் வழியாத்தான் சத்தம் வரும்" என்றாள் நிஹால் இயக்குநரிடம். எங்கள் ஊரில் மேலதிகாரி எல்லோரும் 'பாஷா'தான்.

"தானா ஒண்ணும் செய்யாதா? அப்ப நம்ம இலாகாவுக்குன்னே செஞ்சதுதான்!"

"கட்டைகளை மண்டலமாப் பிரிக்கலாம். கீழ தர்புக்கா மேளம், நடுவுல கானூன் தந்தி வாத்தியம், வயலின், மேல நேய்ப் புல்லாங்குழல். ஒவ்வொண்ணும் தனித் தடத்துல போகும்."

'பிரிக்கலாம்' என்ற சொல்லைக் கேட்டதும் பே எழுந்து நின்றுவிட்டார். உடனே கூட்டம். பதவிக்கேற்ப இயக்குநருக்கு இருபத்து நான்கு கட்டை, கணக்காளருக்குப் பதினேழு, அனுமதிப் பிரிவு அதிகாரிக்குப் பன்னிரண்டு, கடையோரத்தில் எனக்கு எட்டு. யார் கட்டையோ, அவரே அழுத்த வேண்டும்.

"அப்ப நான்?" என்றாள் நிஹால்.

"நீ ஒப்பந்தம்மா. அரசுக் கட்டையில கை வைக்கக் கூடாது. அந்தக் கம்ப்யூட்டரைப் பாத்துக்க."

விழா நாளில் ஒரே கீபோர்டின் முன் நான்கு பேரும் முழங்கை இடிபட உட்கார்ந்தோம். அடேயப்பா, என்ன இசை! கணக்காளர் நேய்ப் புல்லாங்குழலில் உருகினார். என் எட்டுக் கட்டையில் தர்புக்கா அதிர்ந்தது. நான் மூக்கைச் சொறிந்தபோதும் தாளம் தப்பவில்லை என்றால் என் ஞானத்தைப் பாருங்கள். ஆளுநர் இரண்டு முறை கை தட்டி, நால்வருக்கும் சான்றிதழ் தந்து போனார்.

நிஹால் நியமன விண்ணப்பத்தை நீட்டினாள்.

"நீதான் வாசிக்கலையேம்மா" என்றார் பே.

"நீங்க யாரும் வாசிக்கல! உங்க நாலு மண்டலத்தையும் சத்தமே இல்லாத தடத்துக்குத் திருப்பிவிட்டேன். திரைக்குப் பின்னால உக்காந்து எல்லாத்தையும் வாசிச்சது நான்." பையிலிருந்து தன் சின்னக் கீபோர்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

பே எழுந்து போய்த் தன் இருபத்து நான்கு கட்டையையும் ஒவ்வொன்றாக அழுத்தினார். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு உள்ளூர வெட்கமாகத்தான் இருந்தது.

பே என் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, இந்தச் சின்னக் கீபோர்டு நம்ம பதிவேட்டுல இருக்கா?"

"இல்லை பாஷா" என்றேன். கடமை அல்லவா?

விசாரணை மறுநாளே முடிந்தது. அரசு மாளிகைக்குள் அனுமதியின்றி இசை வாசித்த குற்றத்துக்காக நிஹாலின் ஒப்பந்தம் ரத்து. அந்தக் குற்றத்தைப் பணிக்காலம் முழுவதும் ஒருமுறைகூடச் செய்திராத நாங்கள் நால்வரும், உத்தரவின் அடியில் கையெழுத்திட்டோம்.