கம்ப்ரசர் அக்கா பதில் சொல்ல வேண்டும்

கம்ப்ரசர் அக்கா, நீங்கள் என்னை ஏமாற்றினீர்கள். என் கல்யாணத்தன்று, மண்டபம் நிறைய ஜனங்களை வைத்துக்கொண்டு ஏமாற்றினீர்கள். இத்தனை வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டேன். இனிமேல் முடியாது. பத்திரிகையிலேயே எழுதிவிடுகிறேன்.

இவர் யார் என்று தெரியாதவர்களுக்கு: தொண்ணூறுகளின் நடுவில் சிங்காநல்லூரில் அழகு நிலையம் நடத்தியவர். வந்த வாடிக்கையாளரை மிரட்டுவதில் இவரை மிஞ்ச கோயமுத்தூர் ஜில்லாவில் ஆள் கிடையாது. போலீஸ்காரர்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

கடை போர்டில் ஏதோ ஒரு பூவின் பெயர் இருந்தது. யாரும் அதைப் படித்ததில்லை. உள்ளே நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு கன்றுக்குட்டி உயரத்துக்குச் சிவப்பு கம்ப்ரசர். பஞ்சர் கடையில் டியூபுக்குக் காற்றடிக்க வைத்திருப்பார்களே, அதேதான். அதை ஓடவிட்டால் பக்கத்து டெய்லர் கடையில் விளக்கு மங்கும்.

"அக்கா, ஊசி கண்ணுக்குத் தெரியலீங்க!" என்று டெய்லர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்துவார்.

"நெதானமாத் தைங்க தம்பி, ஒண்ணும் அவசரமில்லீங்க!" என்று இவர் இந்தப் பக்கமிருந்து கத்துவார்.

கம்ப்ரசரிலிருந்து ஒரு ரப்பர் குழாய் வரும். அதன் நுனியில் பேனா அளவுக்கு ஒரு துப்பாக்கி. அதுதான் ஏர்பிரஷ். அதன் தலையில் ஒரு சொட்டுச் சாயத்தை விட்டு விசையை அமுக்கினால், புகை மாதிரி வந்து நகத்தில் படியும். மற்ற அழகு நிலையங்கள் பாட்டிலில் பிரஷ்ஷைத் தோய்த்துச் சிவப்பு பூசிக்கொண்டிருந்த காலத்தில், அக்கா நகத்தின் மேல் சூரிய உதயம் வரைந்துகொண்டிருந்தார்.

இந்த வித்தையை அவர் பாம்பேயில் கற்றதாக ஊரில் பேச்சு. சுத்தப் பொய். ஒரு பம்பு கம்பெனியின் பெயின்ட் செக்‌ஷனில் இருந்தவர் அவர். வருகிற பம்புக்கெல்லாம் பச்சை அடிப்பதுதான் வேலை. ஒரு நாள் பச்சையடித்துச் சலித்துப்போய் ஒரு பம்பின் வயிற்றில் மயில் வரைந்துவிட்டார். அன்றோடு வேலை போனது. "மயிலு போட்ட பம்புதானுங்க மொதல்ல வித்துச்சு" என்று கடை இருந்த வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் கேட்காமலே சொல்வார்.

பூ, இலை வடிவத்துக்கு அச்சு வெட்ட பழைய எக்ஸ்ரே ஃபிலிம்தான் வைத்திருந்தார். ஒரு முறை டீச்சர் ஒருவர் தன் விரல் மேல் வைத்த அச்சை உற்றுப் பார்த்துவிட்டு, "இது எலும்பாட்ட இருக்குதுங்களே?" என்றார்.

"ஆமாங்க அம்மணி. எங்க மாமனாரு இடுப்புங்க. நல்ல மனுசன், ஒண்ணும் பண்ணமாட்டாரு. கைய ஆட்டாதீங்க."

கேட்டதைப் போடவே மாட்டார். இதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது. ரோஜாப்பூ கேட்டால், "ரோசாப்பூ சோப்பு டப்பாவுலயே இருக்குதுங்க, உங்களுக்கு எதுக்குங்க?" என்பார். பிறகு ஆளை ஏற இறங்கப் பார்ப்பார். அவருக்கு என்ன தோன்றுகிறதோ அதுதான் நகத்தில் வரும். சீட்டுப் பிடிக்கும் அம்மா ஒருவருக்குப் பத்து விரலிலும் சிவப்பு மிளகாய் போட்டு அனுப்பினார். "உங்க வாய்க்கு இதுதானுங்க எடுப்பா இருக்கும்" என்று விளக்கம் வேறு. அந்த அம்மா தெருவே கூடும்படி சண்டை போட்டுவிட்டுப் போனார். அடுத்த மாசம் வந்து பச்சை மிளகாய் கேட்டார்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை, காய வைப்பது. சாயம் அடித்து, அதற்கு மேல் பளபளப்புக்கு ஒரு பூச்சும் பூசி முடித்தால், அது காய்கிற வரைக்கும் நாற்காலியை விட்டு எழக் கூடாது. எதையும் தொடக் கூடாது. வாசலில் குறுக்கே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். "கைய அசைச்சீங்கன்னா வெரல ஒடிச்சுப்போடுவனுங்க" என்று மரியாதை குறையாமல் சொல்வார். மூக்கு அரித்தால் அவரே சொரிந்துவிடுவார். "இங்கீங்களா? இன்னும் மேலீங்களா?" பசித்தால் ரவை உப்புமாவை ஸ்பூனில் எடுத்து ஊட்டிவிடுவார். காலையில் எழுந்ததிலிருந்து மாட்டுக்கும் புருஷனுக்கும் பிள்ளைகளுக்கும் எடுத்துப் போட்டே பழகிய பெண்கள், அங்கே கையை விரித்து வைத்துக்கொண்டு குருவிக் குஞ்சு மாதிரி வாயைத் திறந்துகொண்டிருப்பார்கள்.

அவசரம் என்று ஓடிய ஒருத்தியோடு இவரும் பஸ் ஏறினார். அவள் பர்ஸிலிருந்து இவரே சில்லறை எடுத்துக் கண்டக்டருக்குக் கொடுத்து, இவரே டிக்கெட்டை வாங்கி அவள் ஜாக்கெட்டில் செருகி, அவள் வீட்டுக் கதவை இவரே தட்டிவிட்டுத் திரும்பி வந்தார். அத்தனை கறார். காயாத நகத்தோடு ஒரு ஆளை அவர் வெளியே விட்டதில்லை. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். என் வழக்கே இதில்தான் இருக்கிறது.

இனி என் கதை.

நானும் பம்பு கம்பெனிதான். வைண்டிங் செக்‌ஷன். மோட்டாருக்குள் செப்புக் கம்பியைச் சுற்றி, காயிலை அடுக்கி, வார்னிஷ் ஊற்றுகிற வேலை. அந்த வார்னிஷ் நகத்துக்குள் போய் உட்கார்ந்தால் சீயக்காய்க்கும் அசையாது, மண்ணெண்ணெய்க்கும் அசையாது. என் பத்து நகமும் கருகிய வேர்க்கடலை மாதிரி இருக்கும்.

வெள்ளகோவிலிலிருந்து வரன் வந்தது. என் மாமா அவர்களிடம், "புள்ள கம்பெனி ஆபீசுல கணக்கு எழுதுதுங்க" என்று அடித்துவிட்டார். வைண்டிங் என்று சொன்னால் கிரீஸ் துடைக்கிற பெண் என்று நினைத்து ஓடிவிடுவார்களாம். பெண் பார்க்க வந்த மாமியார் என் விரலைப் பார்த்துவிட்டு, "மருதாணிங்களா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா, "ஆமாங்க, கொஞ்சம் தூக்கலாப் போயிருச்சு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண்ணாகப் பிறந்துவிட்டேனே என்று தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளையை எனக்குப் பிடித்துவிட்டது வேறு.

ஆக, கல்யாணத்தன்று நகம் தெரியக் கூடாது. தெரிந்தால் சாயம் வெளுக்கும். பொய்க்காரி என்ற பெயரோடு அந்த வீட்டில் காலமெல்லாம் நான் குடித்தனம் செய்ய வேண்டும். அக்காவிடம் போனேன். மெனிக்யூருக்கு என்று கையை வெந்நீரில் ஊற வைத்து, சுரண்டி, ராவி, அரை எலுமிச்சம்பழத்தால் தேய்த்துப் பார்த்தார். வார்னிஷ் அசையவில்லை.

"இதை எதுக்கு கண்ணு மறைக்கோணும்? கம்பி சுத்தற கை தானே?"

"கேள்வி கேக்காதீங்கக்கா. நகம் தெரியாமப் பூசி, மேல ரோஸ் கலர்ல ரோஜாப்பூ போட்டுவிடுங்க. ஆபீசுப் புள்ள கையாட்ட இருக்கோணும்."

"செரி கண்ணு" என்றார்.

செரி! அந்த மனுஷி வாழ்க்கையில் யாருக்குமே சொல்லாத வார்த்தை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

கல்யாணம் வெள்ளகோவிலில், மாப்பிள்ளை வீட்டார் பிடித்த மண்டபத்தில். நாங்கள் முந்தின நாளே வேன் பிடித்துக் கிளம்பினோம். பலகாரத் தூக்குகள் வைக்கிற இடத்தில் கம்ப்ரசர் உட்கார்ந்திருந்தது.

"கல்யாணத்துக்குப் போறமா, கெணத்துக்கு வெடி வெக்கப் போறமா?" என்று மாமா குதித்தார்.

"மிக்சரு நசுங்குனாலும் மிக்சருதானுங்க. நீங்க ஏறி உக்காருங்க" என்றார் அக்கா.

விடியற்காலையில் மணமகள் அறையில் கம்ப்ரசரை ஓடவிட்டார். மேளக்காரர் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, உள்ள யாராச்சும் லாரி நிறுத்தியிருக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பத்து நகத்திலும் ரோஸ் கலர் ரோஜா. கேட்டது கேட்டபடி. அவ்வளவு அழகாக என் கையை நான் பார்த்ததே இல்லை. வேறு யாருடைய கையோ மாதிரி இருந்தது. கடைசியாக ஒரு சுண்டு விரலுக்கு மட்டும் மறுபடி ஒரு முறை பளபளப்புப் பூச்சைக் கொழகொழவென்று வைத்தார்.

"காய வேண்டாமுங்களா?"

"அதெல்லாம் காஞ்சுபோச்சு. போ கண்ணு, நேரமாச்சு."

உப்புமா இல்லை. ஸ்டூல் இல்லை. விரலை ஒடிக்கிற பேச்சு இல்லை.

தாலி ஏறியது. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் ஒரு சீர் உண்டு, கைகோர்வை. பெண்ணின் சுண்டு விரலையும் மாப்பிள்ளையின் சுண்டு விரலையும் கோர்த்துத் துணியைச் சுற்றிவிடுவார்கள். வாழ்த்துப் பாடுகிறவர் பாடி முடிக்கிற வரைக்கும் அப்படியே இருக்க வேண்டும். அன்றைக்கு வந்தவருக்கு நல்ல குரல். நிறுத்துகிற எண்ணமே இல்லை.

ஒருவழியாகப் பாட்டு முடிந்தது. துணியை அவிழ்த்தார்கள். விரல் வரவில்லை.

மாப்பிள்ளை மெதுவாக இழுத்தார். நான் இழுத்தேன். "என்னங்க, அதுக்குள்ள புடிச்சுப்போட்டாங்க!" என்று கூட்டத்தில் யாரோ கத்த, மண்டபமே சிரித்தது. மாப்பிள்ளை வெட்கத்தில் வெடுக்கென்று இழுத்தார். என் நகத்துப் பூச்சு முழுசாக உரிந்து, ரோஜாவோடு அவர் விரலில் போய் ஒட்டிக்கொண்டது. என் சுண்டு விரல் கருகிய வேர்க்கடலையாக வெளியே வந்து நின்றது.

மாமியார் குனிந்து பார்த்தார். "இதென்ன அம்மணி, கருப்பா?"

மாமா எனக்குக் கண்ணைக் காட்டினார். மருதாணி என்று சொல்லச் சொல்கிறார். நான் அந்த ரோஜாவையும் பார்த்தேன், என் நகத்தையும் பார்த்தேன். கோபம் வந்துவிட்டது.

"வார்னிசுங்க அத்தே. நான் ஆபீசுல கணக்கு எழுதலீங்க. மோட்டாரு வைண்டிங் பண்றேன். மாமா சொன்னது பொய்யுங்க."

மேளம் கூட நின்றுவிட்டது. மாமா பந்தி பார்க்கப் போவது போல நழுவினார்.

முதலில் வாயைத் திறந்தது மாப்பிள்ளை. "ஏழரை எச்.பி. மோட்டாரு சுத்துவீங்களா?"

"பத்து வரைக்கும் சுத்துவனுங்க."

அவர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "அம்மா, நம்ம கெணத்து மோட்டாரு!"

அந்தப் பக்கத்தில் கரண்ட் ஏறி இறங்கி, இருக்கிற மோட்டாரெல்லாம் புகைந்துகொண்டே இருக்கும். கருகிய காயிலை மாற்றிக் கட்டக் கொடுத்தால் கடைக்காரர் இன்றைக்கு, நாளைக்கு என்பார். அதற்குள் பயிர் வாடும். மாமியார் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேங்காய் வாங்குகிற மாதிரி.

"இத மறைச்சா உன்ற மாமன் பொய் சொன்னான்? கணக்கு எழுதற புள்ளைய ஊட்டுல வெச்சு நான் என்னத்தப் பண்ணறது? கைகால் கழுவிச் சாப்புடு கண்ணு. மத்தியானமா மோட்டாரப் பாத்துக்கலாம்."

மத்தியானமே பார்த்தேன். பட்டுச் சேலையோடு.

கிளம்பும்போது வேனில் கம்ப்ரசரைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார் அக்கா. நேராகப் போய், "வேணும்னே தானுங்க பண்ணுனீங்க?" என்று கேட்டேன்.

"அட, காயலீங்களா? பனிக் காத்துங்க" என்றார். கயிற்றிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அது சித்திரை மாசம்.

அதற்குப் பிறகு சிங்காநல்லூர் போகும்போதெல்லாம் கேட்டேன். ஒவ்வொரு முறையும் பனி என்றார். ஒரு முறை போனபோது கடை இல்லை. மதுக்கரைப் பக்கம் போய்விட்டதாக டெய்லர் சொன்னார். தேடிக்கொண்டு போனேன். சிமென்ட் ஆலைத் தூசிதான் இருந்தது, கம்ப்ரசர் சத்தம் எங்கும் கேட்கவில்லை. டெய்லர் கடையில் விளக்கு இப்போது நன்றாக எரிகிறதாம். அந்த மனுஷனே அதைக் குறையாகத்தான் சொல்கிறார்.

அக்கா, நீங்கள் எங்கே இருந்தாலும் வாரப் பத்திரிகை வாங்குவீர்கள் என்று எனக்குத் தெரியும். நேராகக் கேட்கிறேன். பத்து விரலில் அந்த ஒரு சுண்டு விரல் மட்டும் ஏன் காயவில்லை? அதைக் கோர்ப்பது தாலி ஏறின பிறகுதான் என்பது உங்களுக்கு முன்பே தெரியுமா, தெரியாதா? பனி என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது. இதே பத்திரிகையில், எல்லாரும் படிக்கிற மாதிரி பதில் எழுத வேண்டும்.

இப்போது என் மகள் எனக்கு நகம் பூசிவிடுகிறாள். ஒன்பது விரலைத்தான் நீட்டுகிறேன். அந்தச் சுண்டு விரல் உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறது. சீக்கிரம் எழுதுங்கள்.