தோதாத்ரியின் தேகப்பயிற்சித் திட்டம்

சித்தூர் ஜில்லா எந்த ராஜ்யத்தோடு சேரவேண்டும் என்று ஊரே அடித்துக்கொண்டிருந்தது. திருப்பதி தாலுகா ஆபீஸ் குமாஸ்தா தோதாத்ரிக்கு வேறு துக்கம். பிள்ளை வெங்கடராகவன் பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் கடைசி. பெண் நாமகிரி பாதி வழியில் உட்கார்ந்தே விட்டாள். பிள்ளைகள் மகா பலஹீனம் என்று டிரில் மாஸ்டர் தெலுங்கில் சீட்டு அனுப்பிவிட்டார்.

அன்றே திட்டம் தயார். ஐந்து மணிக்கு மலையடிவாரத்து அலிபிரி வரை ஓட்டம். ஆறுக்குத் தோப்புக்கரணம் ஐம்பது. பிறகு தண்டால். மேற்பார்வை தோதாத்ரி, அதாவது சாய்வு நாற்காலியில், கையில் காபியோடு. அந்தக் காபிக்காக அவர் மனைவி வஸுமதி நாலரைக்கே அடுப்பு மூட்டினாள்.

மூன்றாம் நாள் அவள் வந்து நின்றாள்.

"ஏன்னா, குழந்தைகளுக்காகப் பெருமாளுக்கு வேண்டிண்டிருக்கேன்."

"பேஷ்! என்னன்னு?"

"நாப்பது நாள் விடாம பயிற்சி பண்ணிட்டா, நீங்க முழங்கால் முறிச்சானை முழந்தாள் போட்டே ஏறறேள்னு."

காபி புரையேறியது. திருமலைப் பாதையிலேயே செங்குத்தான இடம் அது. மலை ஆதிசேஷன், காலால் மிதிக்கலாகாது என்று பரம பக்தர்கள் அங்கே முழந்தாளிட்டு ஏறுவார்கள். நம்மவர் எப்போதும் பஸ் பக்தர்.

"என்னைக் கேக்காம எப்படிடீ வேண்டிண்டே?"

"கேட்டா வேண்டாம்பேளே!"

"உன் முழங்காலை வேண்டிக்கறதுதானே?"

"நன்னாருக்கே! திட்டம் உங்களோடது, முழங்கால் மட்டும் என்னோடதா?"

பெருமாள் காரியம். மறுத்தால் பாவம். ஒரே வழிதான், பயிற்சி ஒரு நாளாவது தவற வேண்டும்.

மழை என்றார், நனைந்துகொண்டே ஓடினார்கள். முறுக்கு வாங்கி வந்தார். தின்றுவிட்டு இருபது தோப்புக்கரணம் கூடப் போட்டார்கள். அப்பா முழந்தாளிட்டு ஏறுவதைப் பார்க்க அவ்வளவு ஆசை! நாளுக்கு நாள் குழந்தைகள் தேறினார்கள். தோதாத்ரி இளைத்தார். முழங்காலைத் தடவிப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு அழுகையே வந்தது.

முப்பத்தொன்பதாம் நாள் துணிந்துவிட்டார்.

"இன்னிக்கு மட்டும் தூங்குங்கோ. பாகாலாவுக்கு ரயில்ல அழைச்சுண்டு போறேன்."

ரயில் என்றதும் இரண்டும் போர்வையை இழுத்துக்கொண்டன. ஏழு மணி வரை அசையவில்லை. தோதாத்ரி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

"அடடா வசு, ஒரு நாள் தப்பிடுத்தே! வேண்டுதல் போச்சு, என்ன பண்றது?"

வஸுமதி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வேண்டுதல் ஒண்ணும் போயிடலை. குழந்தைகள் தப்பினா, அவாளுக்குப் பதிலா நாப்பது நாளும் நீங்களே ஓடிட்டு, அப்புறம் ஏறறேள்னு அன்னிக்கே சேர்த்துதான் வேண்டிண்டேன்."