விதி தவறாமல் ஓட்டிய கரடி

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. பாஸ்போர்ட் வாங்கும் வரை நன்றாகத்தான் இருந்தது.

அதன் பெயர் கோதண்டம். இனி அவர் என்றே சொல்கிறேன். விசா வாங்கிய கரடியை அது இது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊசிமலைக் காட்டில் ஜீப் ஓட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் பாறை, எதிரே காட்டெருமைக் கூட்டம். கோதண்டம் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் முதுகைச் சொறிந்துகொண்டே போவார். சாலை விதி என்று ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தார். நேரில் பார்த்ததில்லை.

அவருக்கும் மனைவி சொர்ணத்துக்கும் ஒரே பெண், தேன்மொழி. அவளும் அவள் கணவன் இளவழகனும் வேலைக்காகக் கடல் தாண்டிப் பனிக்காட்டில் குடியேறியிருந்தார்கள். தேன்மொழி உண்டாகியிருக்கிறாள் என்று செய்தி வந்தது. முன்பெல்லாம் பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவார்கள். இப்போது தாய்வீட்டைப் பெட்டிகளில் கட்டிக்கொண்டு பெண்ணிடம் போக வேண்டியிருக்கிறது. சொர்ணம் பிரசவ லேகியத்தையும் சுக்கையும் கருப்பட்டியையும் கட்டினார். கோதண்டம் தன் டிரைவிங் லைசென்ஸை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஆறு மாத விசா.

பனிக்காட்டில் வீடு அழகாக இருந்தது. ஆனால் மருத்துவமனை இரண்டு மலை தாண்டி இருந்தது. பேருந்து கிடையாது. வாடகை வண்டி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. மாப்பிள்ளைக்கு வடக்கே பனிக்கட்டி வெட்டும் ஆலையில் வேலை. போனால் வாரக் கடைசியில்தான் திரும்புவார். கொட்டகையில் ஒரு கார் நின்றது. தேன்மொழி அதில்தான் வேலைக்குப் போய்வந்தாள். வலி கண்டால் அவளை யார் கூட்டிப் போவது என்பதுதான் வீட்டில் எல்லோருக்கும் ஒரே கவலை.

"நான் எதுக்கு வந்திருக்கறேன்னு நெனச்சீங்க மாப்ள?" என்று கோதண்டம் நெஞ்சைத் தட்டிக்கொண்டார். "எம் புள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன்."

சட்டத்திலும் அதற்கு இடமிருந்தது. விருந்தாளியாக வந்தவர்கள் முதல் மூன்று மாதம் சொந்தக் காட்டு லைசென்ஸை வைத்தே ஓட்டலாம். பரீட்சை கிடையாது, கேள்வி கிடையாது. ஆனால் இளவழகன் ஜாக்கிரதைக்காரன். மாமனார் ஊரில் ஓட்டிய ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்து உயிர் பிழைத்தவன்.

"அவசரப்படாதீங்க மாமா. இங்க ரூல்ஸெல்லாம் வேற. நம்மூர்ல ஹாரன் அடிச்சா வணக்கம் சொல்ற மாதிரி. இங்க அடிச்சா கெட்ட வார்த்தை சொன்ன மாதிரி. முதல்ல புத்தகத்தைப் படிங்க, அப்புறம் வண்டியைத் தொடலாம்" என்று சாலை விதிப் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்தான்.

மாப்பிள்ளை சொல்லிவிட்டார். கோதண்டம் படிக்க உட்கார்ந்தார். நம்மூர்க்காரர்களுக்குப் படிப்பது என்றால் ஒரே வழிதானே தெரியும்? நெட்டுருப் போட ஆரம்பித்தார். காலையில் காப்பி குடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு, முன்னும் பின்னும் ஆடியபடி, "நில் பலகையைக் கண்டால் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும், இடம் பார், வலம் பார், மறுபடி இடம் பார்" என்று ஒப்பிப்பார். சொர்ணம் சமையலறையிலிருந்து கேள்வி கேட்பார்.

"ஏனுங்க, வாத்து ரோட்டக் கடந்தா?"

"கடைசி வாத்து கரையேறும் வரை காத்திருக்க வேண்டும்!"

"கடைசி வாத்து எதுன்னு எப்படிங்க தெரியும்?"

"அது புத்தகத்துல இல்ல. இல்லாததக் கேக்காத."

படித்தார், படித்தார், அட்டை முதல் அட்டை வரை படித்தார். ஒரு நாள் அச்சகத்தின் விலாசம் உட்பட மொத்தப் புத்தகமும் மனப்பாடமாயிற்று. பெருமையோடு கார் சாவியைக் கேட்டார். தேன்மொழி நாட்காட்டியைப் பார்த்தாள், முகம் வாடினாள். மூன்று மாதம் முந்தின நாள்தான் முடிந்திருந்தது.

கவனியுங்கள். ஒரு விதியும் தெரியாத வரை அவர் ஓட்டுவது சட்டப்படி சரி. எல்லா விதியும் தெரிந்த அன்று அவர் ஓட்டுவது குற்றம். இந்தச் சட்டத்தை எழுதிய மிருகம் எது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் சும்மா விடமாட்டேன்.

கோதண்டம் உள்ளூர் லைசென்ஸ் வாங்க அலுவலகத்துக்குப் போனார். நீண்ட வரிசை. ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பென்குயின் அம்மையார். காட்டில் பென்குயின் ஏது என்று கேட்காதீர்கள். அதுவும் எப்போதோ விசாவில் வந்ததுதான். வந்து சேர்ந்தவர்களுக்குத்தான் அடுத்து வருகிறவர்களைக் கண்டால் சட்டம் அதிகமாக ஞாபகம் வரும்.

"நீங்கள் விருந்தாளியா, குடியிருப்பவரா?" என்று பென்குயின் கேட்டது.

"விருந்தாளிதானுங்க."

"விருந்தாளிக்கு உள்ளூர் லைசென்ஸ் தேவையில்லையே. உங்கள் ஊர் லைசென்ஸே போதும்."

"மூணு மாசம் முடிஞ்சு போச்சுங்க."

"அப்படியானால் நீங்கள் விருந்தாளி அல்ல."

"சரிங்க. குடியிருக்கறவன்னு எழுதிக்குங்க."

"திரும்பிப் போக டிக்கெட் வைத்திருக்கிறீர்களா?"

"வெச்சிருக்கறனுங்க."

"அப்படியானால் குடியிருப்பவரும் அல்ல."

கோதண்டம் தலையைச் சொறிந்தார். "அப்ப நான் யாருங்க அம்மா?"

"பின்னால் நிற்பவருக்கு வழிவிடுபவர்" என்று சொல்லிவிட்டுப் பென்குயின் அடுத்த ஆளை அழைத்தது.

கோதண்டம் வீடு திரும்பினார். மகளுக்கு ஒரு நல்லது செய்ய வந்தவர், அவளிடமே பால் வாங்கவும் மருந்து வாங்கவும் "கொஞ்சம் கூட்டிட்டுப் போறியா அம்மிணி" என்று கேட்டு நிற்க வேண்டியிருந்தது. நிறைமாதக்காரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு கார் ஓட்ட, பக்கத்தில் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்து போவது அவருக்கு வெட்கமாக இருந்தது.

பிறகு அந்த நாள் வந்தது. இளவழகன் வடக்கே பனிக்குள் இருந்தான், போன் எடுக்கவில்லை. தேன்மொழி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொர்ணம் அவசர ஊர்தியை அழைத்து, போனைப் பெண்ணிடம் கொடுத்தார். அங்கிருந்து ஒரு குரல், "உங்கள் வலியை ஒன்று முதல் பத்து வரை மதிப்பிடுங்கள்" என்றது.

தேன்மொழி நம்மூரில் வளர்ந்த பெண். அடுத்தவர்களுக்குத் தொந்தரவு தரக்கூடாது, வலித்தாலும் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார்கள். உயிர் போகிற வலியில், "பரவாயில்லைங்க, ஒரு நாலு இருக்கும்" என்றாள்.

"நாலா? பத்து, ஒன்பது, எட்டு எல்லாம் முடிந்ததும் வருகிறோம்" என்று சொல்லிக் குரல் துண்டித்துக்கொண்டது.

"நாலுன்னா சொன்னே! அட என்ற சாமி, பன்னெண்டுன்னு சொல்லத் தெரியாதா?" என்று சொர்ணம் தலையில் அடித்துக்கொண்டார். சொல்லக்கூடாது என்று வளர்த்ததே அவர்தான்.

கோதண்டம் சாவியை எடுத்தார்.

"அப்பா, பிடிச்சா உங்கள உள்ள வெச்சிருவாங்க" என்றாள் தேன்மொழி.

"வெக்கட்டும். நான் ஒரு விதியக்கூட மீறமாட்டேன் அம்மிணி. தப்பே பண்ணாதவன எதுக்குப் புடிப்பாங்க?"

புறப்பட்டார்கள். தேன்மொழியும் சொர்ணமும் பின்சீட்டில். கோதண்டம் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தார். முதுகு அரித்தது, சொறியவில்லை. பலகையில் என்ன வேகம் போட்டிருந்ததோ அதே வேகம், ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பக்கத்தில் முயல்கள் பறந்தன. ஒரு மான் போனில் மூக்கைப் புதைத்தபடி முந்திப் போயிற்று. ஓர் அணில் ஸ்டியரிங் மேல் தட்டு வைத்துச் சாப்பிட்டுக்கொண்டே போயிற்று.

நில் பலகை வந்தது. சக்கரம் முழுதாக நின்றது. இடம் பார்த்தார், வலம் பார்த்தார், மறுபடி இடம் பார்த்தார்.

"அப்பா, ஒரு ஈ காக்கா இல்லப்பா, போங்க!" என்று தேன்மொழி கத்தினாள்.

"புத்தகத்துல ஈ காக்கானு தனியா ஒண்ணும் போடல கண்ணு."

அடுத்த பலகைக்கு முன்பே பின்னால் சைரன் கேட்டது. ஓர் ஓநாய்ப் போலீஸ் காரை ஓரங்கட்டச் சொல்லி, ஜன்னலருகே வந்து தொப்பியைச் சரிசெய்தது.

"லைசென்ஸ் இல்லையா?" என்றது. எடுங்கள் என்று கூடச் சொல்லவில்லை.

கோதண்டத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படிங்க ஐயா கண்டுபுடிச்சீங்க? நான் ஒரு தப்பும் பண்ணலீங்களே!"

"அதனால்தான். காலையிலிருந்து இந்தச் சாலையில் நிற்கிறேன். இங்கே பிறந்த எவனும் நில் பலகையில் முழுதாக நிற்பதில்லை. எவனும் பலகையில் எழுதிய வேகத்தில் போவதில்லை. விதியை இவ்வளவு மதிக்கிறவன் நிச்சயம் எதையோ மறைக்கிறான்."

சொர்ணம் பையைத் துழாவி லேகிய டப்பாவை நீட்டினார். "தம்பி, ஒரு வாய் சாப்பிடுங்க சாமி, வயித்துக்கு நல்லது. புள்ளைக்கு நேரம் ஆகுது, விட்டுருங்க." ஓநாய் அந்தக் கறுப்புக் களிம்பை மோந்து பார்த்து இரண்டடி பின்வாங்கியது.

பழைய கதையாக இருந்தால் இந்த இடத்தில் ஓநாய் மனமிரங்கி, சைரன் போட்டு முன்னால் வழிகாட்டிப் போயிருக்கும். இது அப்படிப்பட்ட ஓநாய் இல்லை. ரொம்ப நேர்மையான ஓநாய்.

"நீங்கள் இனி இந்த வண்டியை ஓர் அடி கூட நகர்த்தக்கூடாது" என்றது.

"அப்ப உங்க வண்டியில எம் புள்ளைய ஏத்திட்டுப் போங்க ஐயா! உங்க கால்ல வுழுகறேன்."

"என் வண்டியில் குற்றவாளிகளை மட்டும்தான் ஏற்றலாம். உங்கள் மகள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. வேண்டுமானால் உங்களை ஏற்றுகிறேன். மருத்துவமனைக்கு அல்ல."

கோதண்டம் வாழ்நாளில் முதல் முறையாக ஸ்டியரிங்கின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார்.

"இந்த வண்டியில் வேறு யாருக்காவது லைசென்ஸ் இருக்கிறதா?" என்று ஓநாய் கேட்டது.

பின்சீட்டில் ஒரு கை மெல்ல உயர்ந்தது. தேன்மொழியின் கை.

ஓநாய் தன் புத்தகத்தைப் புரட்டியது. குடித்தவர் ஓட்டக்கூடாது. தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் ஓட்டக்கூடாது. பார்வை மங்கியவர் ஓட்டக்கூடாது. பிரசவ வலியில் இருப்பவர் ஓட்டக்கூடாது என்று எங்கேயும் இல்லை. ஓநாயின் முகம் மலர்ந்தது. "தாராளமாக ஓட்டலாம்!" என்று கதவைத் திறந்துவிட்டது. சீட் பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே போடச் சொல்லிக் கொடுத்தது. நல்ல பிராணிதான், பாவம்.

தேன்மொழி முன்சீட்டுக்கு மாறினாள். கோதண்டம் பக்கத்துச் சீட்டில் சுருண்டார். அதற்குப் பிறகு அந்தக் கார் போன வேகத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். நில் பலகைகளை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வலி எடுத்தபோது கோட்டைத் தாண்டி வளைந்தாள், வலி விட்டபோது முயல்களை முந்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் அதை நாலாம் எண் வலி மாதிரி பொறுத்துக்கொண்டு கடந்தாள். பின்னாலேயே வந்த ஓநாய் எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டியது. "உள்ளூர்க்காரி" என்று திருப்தியோடு சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டது.

மருத்துவமனை வாசலில் ஒரு வாத்து நர்ஸ் நின்றிருந்தது. "நோயாளி யார்?"

"நான்தான்."

"வண்டி ஓட்டி வந்தவர்?"

"அதுவும் நான்தான்."

"ஓட்டி வந்தவர் முதலில் வண்டியைப் பின்பக்கம் நிறுத்திவிட்டு வர வேண்டும்" என்றது வாத்து. தேன்மொழி அப்போது போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த பனியெல்லாம் கொட்டிற்று. ஊரில் கற்ற பொறுமை அத்தனையும் அந்த ஒரு சத்தத்தோடு போயிற்று. அவளை உள்ளே கொண்டுபோன கொஞ்ச நேரத்தில் குட்டி பிறந்தது. தாயும் சேயும் நலம். கோதண்டம் குட்டியைக் கையில் வாங்கி, "உங்க அம்மாள நான் கூட்டிட்டு வரோணும்னு இருந்தேன் சாமி" என்று அதனிடம் சொல்லிவிட்டு மறுபடி அழுதார்.

ஊருக்குக் கிளம்ப இன்னும் நாட்கள் இருந்தன. குட்டிக்கு ஊசி போட வேண்டும், தேன்மொழிக்கு மருந்து வாங்க வேண்டும். இப்போதெல்லாம் கோதண்டமே ஓட்டுகிறார். லைசென்ஸ் இன்னும் இல்லை. ஒரு கையில் காப்பி, மறு முழங்கை ஜன்னலுக்கு வெளியே. பலகையில் போட்ட வேகத்தை விடக் கொஞ்சம் கூட. நில் பலகையில் நிற்காமல் சும்மா ஒரு இழுப்பு, அவ்வளவுதான். ஓநாய் எதிரே வந்தால் கையை உயர்த்துகிறது. இவரும் உயர்த்துகிறார். இப்படி ஓட்ட ஆரம்பித்த பிறகு ஒருமுறை கூட யாரும் அவரை நிறுத்தவில்லை.

நீதி: அந்நியக் காட்டில் வண்டி ஓட்ட லைசென்ஸ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், அந்த ஊர்க்காரர்கள் மீறுகிற அளவுக்காவது விதிகளை மீறு. முழுதாக மதித்தால் மாட்டிக்கொள்வாய்.