எழுத்தா, பொருளா, அண்டாவா?

இனிமேல் இந்த வீட்டில் என் பேச்சுதான் சட்டம் என்று ஒரு தீர்மானம் எடுத்தேன். குளியலறையில் எடுத்தேன். கதவைத் தாழ்ப்பாள் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு எடுத்தேன். சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாது பாருங்கள்.

காரணம் சனிக்கிழமை. அன்றைக்கு ஆபீஸ் நண்பர் நடராஜ் வேன் பிடித்து எங்களையெல்லாம் மணிமுத்தாறு அருவிக்குக் கூட்டிப்போகிறார். குளியல், மட்டன் பிரியாணி, மறுபடியும் குளியல். அதே சனிக்கிழமைதான் ஏரலில் என் மச்சினன் பெனோவின் புதுவீட்டுப் பிரதிஷ்டை, ஜெபம் பண்ணிக் குடிபுகுகிற விசேஷம். அங்கே குளியல் கிடையாது, வியர்வை உண்டு. மாமியார் வீட்டு விசேஷங்களில் மூத்த மாப்பிள்ளையான எனக்கு ஒரு தனி மரியாதை. சாம்பார் வாளியை வேறு யாரையும் தொடவிடமாட்டார்கள்.

என் மனைவி சாரம்மாள் பள்ளிக்கூட ஆசிரியை. பாளையங்கோட்டையில் எங்கள் சபையின் பெண்கள் சங்கத்துக்குச் செயலாளர். வீட்டிலும் அவள்தான் செயலாளர். நான் சந்தா கட்டுகிற உறுப்பினர்.

இந்த நேரம் பார்த்து ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஐயர் ஓர் அறிவிப்புச் செய்தார். ஐயர் என்றால் எங்கள் சபைக் குருவானவர், எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பட்டிமன்றம். வேதத்தை எழுத்தின்படியே வாசிப்பதா, பொருளறிந்து வாசிப்பதா? ஜெயிக்கிற அணித்தலைவருக்குப் பரிசு. பரிசு வாங்கும் பொறுப்பு பெண்கள் சங்கத்துக்கு.

"எழுத்துக் கட்சிக்கு நான் தலைவர், ஐயரே!" என்று துள்ளி எழுந்தேன். சபையே திரும்பிப் பார்த்தது. காணிக்கைப் பை வரும்போது நான் இவ்வளவு சுறுசுறுப்பாக இருந்ததில்லை.

என் கணக்கு எளிமையானது. மனைவி புருஷனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று வேதத்தில் எழுதியிருக்கிறது. எழுத்தின்படி வாசித்தால் சனிக்கிழமை மணிமுத்தாறு. மத்தியானச் சாப்பாட்டிலேயே ஆரம்பித்துவிட்டேன்.

"சாரா, நான் எழுத்துக் கட்சி."

"கேட்டேன்லா."

"நம்ம வீட்டுலயும் இனி எழுத்துதான். உள்ளது உள்ளபடி."

"சரி."

"மனைவி கீழ்ப்படியணும்னு எழுதியிருக்கு."

"எழுதியிருக்கு."

"அப்போ சனிக்கெழம நான் மணிமுத்தாறு போறேன். நீ மட்டும் ஏரலுக்குப் போயிட்டு வா. இது உத்தரவு."

"சரிங்க."

தட்டிலிருந்து நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயிலிருந்து பின்னால் ஓர் 'ஆனா' இல்லாத 'சரிங்க' வந்ததே இல்லை.

திங்கட்கிழமை காலையில் சாப்பாட்டு மேசை துடைத்துவைத்தது போல இருந்தது.

"இட்லி எங்க?"

"மாவு இல்ல."

"ஏன் ஆட்டல?"

"நாளைக்காகக் கவலப்படாதிங்கன்னு எழுதியிருக்குல்லா? நேத்து அரிசி ஊறப்போடப் போனேன். ஐயையோ, இது நாளைக்கு உள்ள கவலையாச்சேன்னு பைய எழுந்து வந்துட்டேன்."

வெறும் காப்பியோடு ஆபீஸ் போனேன். சாயங்காலம் திரும்பிவந்து, அருவிக்கென்று எடுத்துவைத்திருந்த பூப்போட்ட சட்டையைத் தேடினேன். காணவில்லை.

"ரெண்டு அங்கி உள்ளவன் இல்லாதவனுக்கு ஒண்ணு குடுக்கணும்னு இருக்கு. இஸ்திரி போடுதவருக்குக் குடுத்துட்டேன்."

"ஏன், அவருக்குச் சட்டையே இல்லியா?"

"பூப்போட்டது இல்லியாம்."

செவ்வாய்க்கிழமை மார்க்கெட்டில் ஒரு சிப்பம் அரிசி வாங்கினோம். நான் ஆட்டோவுக்குக் கை காட்டினேன். சாரம்மாள் என் கையைப் பிடித்து இறக்கினாள்.

"ஆட்டோ எதுக்கு? புருஷன் மனைவிக்குத் தலையா இருக்கான்னு எழுதியிருக்கு. நீங்க சொன்ன வசனம் இருக்க அதே பக்கத்துல."

"அதுக்கு?"

"தலைன்னு ஒண்ணு இருந்தா சுமக்கணும்லா? குனியுங்க."

"அடியே, அது அப்படி இல்ல, அதுக்குப் பொருள்..."

"பொருளா? நீங்க எழுத்துக் கட்சிலா?"

குனிந்தேன். சிப்பம் ஏறியது. தெருமுனையில் நடராஜ் பைக்கை நிறுத்திவிட்டு ஆசை தீரப் பார்த்தார்.

"என்ன வே, சனிக்கெழம வாரீரா, இல்ல கழுத்துக்கு மாவுக்கட்டு போடப் போறீரா?"

வீட்டில் சிப்பத்தை இறக்கிய கையோடு ஐயர் வீட்டுக்கு ஓடினேன்.

"ஐயரே, நான் கட்சி மாறணும். பொருள் கட்சிக்கு வந்துடுதேன்."

"திடீர்னு என்ன? வெளிச்சம் கெடச்சுதா?"

"சுளுக்கு கெடச்சுது."

"பொருள் கட்சிக்கு உங்க வீட்டம்மால்லா தலைவர்? ஞாயித்துக்கெழமையே பேர் குடுத்தாச்சே!"

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை பாருங்கள். ஐயர் போன் போட்டுக் கேட்டார். அந்தப் பக்கம் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. கட்சிகள் இடம் மாறின.

வெள்ளிக்கிழமை மேடையில் சாரம்மாள்தான் முதலில் பேசினாள். "எழுதியிருக்கிறதை எழுதியிருக்கிறபடியே செய்யலாம். செய்து பார்த்தவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். அவர் கழுத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்" என்றாள். உட்கார்ந்துவிட்டாள். மணி அடிக்கும் முன்பே சாரம்மாள் பேச்சை நிறுத்தியதை அன்றைக்குத்தான் பார்க்கிறேன். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எங்கே வந்தது? நான் பேசுகிற உற்சாகத்தில் இருந்தேன்.

பொரிந்து தள்ளினேன். "கீழ்ப்படிதல் என்றால் உத்தரவுக்கு அடங்குவதா? இல்லை! ஒருவர் மனதை ஒருவர் அறிந்து, சொல்லாமலே நடப்பது! அப்படி நடக்க வேண்டியவர்களில் முதல் ஆள் யார்? தலையாக இருக்கிறவன்!"

பெண்கள் பக்கம் கைதட்டல் அடங்கவே இல்லை. பிரிஸில்லா டீச்சர் விசிலே அடித்தார். பொருளே வென்றது என்று ஐயர் தீர்ப்புச் சொல்லி, வண்ணக் காகிதம் சுற்றிய பெரிய பரிசை என் கையில் கொடுத்தார். சொன்னால் என்ன, எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சாரம்மாளைப் பேச்சில் ஜெயித்த முதல் மனிதன் நான்.

வீட்டுக்கு வந்ததும் அவளே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அருமையாப் பேசினிய."

"பின்ன, சும்மாவா?"

"சொல்லாமலே மனசறிஞ்சு நடக்கணும்னு சொன்னிய."

"சொன்னேன்."

"தலையா இருக்கவன்தான் மொத ஆளுன்னும் சொன்னிய."

"அதையும் சொன்னேன்."

"அப்போ சனிக்கெழம என் மனசு எங்கன இருக்கும்?"

மணிமுத்தாறு என்று சொல்லவா முடியும்? சபை முழுவதும் சாட்சி. பிரிஸில்லா டீச்சரின் விசில் இன்னும் காதில் இருந்தது.

"ஏரல்ல," என்றேன்.

"பாத்தியளா, நான் சொல்லாமலே தெரிஞ்சுட்டு!"

போகட்டும், பரிசாவது மிஞ்சியதே என்று காகிதத்தைப் பிரித்தேன். எவர்சில்வர் அண்டா. விளிம்பில் அழகாகப் பேர் வெட்டியிருந்தது: 'பெனோ புதுமனைக்கு அன்புடன் தேவசிகாமணி, சாரம்மாள்.'

"இது எப்போ வெட்டினது?"

"திங்கக்கெழம. நீங்க இட்லி இல்லாம ஆபீஸ் போனியள்லா, அன்னிக்கு."

"அன்னிக்கு நான் கட்சியே மாறலியே! யாரு செயிப்பான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு எதுக்குத் தெரியணும்? ஒரு கட்சிக்கு நீங்க தலைவர், இன்னொரு கட்சிக்கு நான். எது செயிச்சாலும் அண்டா நம்ம வீட்டுக்குத்தான வரும்?"

சனிக்கிழமை ஏரல் பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். ஆட்டோ என்று நான் வாயெடுக்கவில்லை, தானாகவே குனிந்துவிட்டேன். சட்டைப் பையில் போன் கூவிக்கொண்டே இருந்தது. நடராஜ் அருவிப் படங்களாக அனுப்பித் தள்ளுகிறார் என்று தெரிந்தது. எடுத்துப் பார்க்கக் கை இல்லை, இரண்டும் அண்டாவைப் பிடித்திருந்தன.

பெனோ வாசலிலேயே நின்றான்.

"வாங்க அத்தான்! பட்டிமன்றமாமே, எது செயிச்சுது? எழுத்தா, பொருளா?"

"பொருள்தான்," என்றாள் சாரம்மாள். "அதான் அத்தான் தலையில வச்சுக் கொண்டாடுதாவ."

எழுத்தும் அங்கேதான் இருந்தது. அண்டாவுக்கு அடியில், சுமக்கிற தலையாக.