யேசுதாஸின் கையும் என் பிரஷரும்

கும்மிடிப்பூண்டி,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மனைவி ஜானகிக்கு, உன் புருஷன் குப்புராஜ் எழுதுவது. இங்கு நானும் தண்ணீர் மோட்டாரும் நலம். ஓசூரில் நீயும் மகள் அருணாவும் கைக்குழந்தையும் நலமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். போனில் பேசினால் அருணா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். அதனால்தான் கடிதம்.

நம் தெருவில் போன வருஷம் மூன்று பேர், ஐம்பது வயதுகூட ஆகாதவர்கள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்கள் அல்லவா, அதனால் சுகாதார நிலையத்திலிருந்து நர்மதா என்று ஒரு புதுப் பெண் வீடு வீடாகப் பிரஷர் பார்க்க வந்தாள். அவள் நோட்டில் என் பெயருக்கு நேரே இருப்பதோ உன் போன் நம்பர். நீ பிரசவம் பார்க்கப் போன நாலு மாதமாக நான் கருவாடும் ஊறுகாயுமாகக் காலம் தள்ளுவது தெரிந்தால் தொலைந்தேன் என்று, பக்கத்து வீட்டு யேசுதாஸைக் கெஞ்சி என் பெயரில் கை நீட்ட வைத்தேன். ஒல்லி ஆள், பீடி கிடையாது, மில்லுக்கு சைக்கிளில் போகிறவன், நல்ல நம்பராக வரும் என்று நம்பினேன். பாவி மனுஷனுக்கு நூற்று எண்பது! உடனே அவள் உனக்குப் போன் போட்டுவிட்டாள்.

நாலு மாதமாக "கேஸ மூடினியா" என்பதைத் தவிர ஒன்றும் கேட்காத நீ, அன்றைக்கு "மாருல எங்கனா வலிக்குதா மாமா? ஞாயித்துக்கெழம வந்துர்றேன்"னு அழுதாய். அந்த 'மாமா'வைக் கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு ஜானகி! தினமும் பழக்கதோஷத்தில் ரெண்டு டம்ளர் காபி போட்டு, ரெண்டையும் நானே குடிச்சுக்கினு கிடக்கிறவன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

ஆனால் யேசுதாஸை அப்படியே விட முடியுமா? மறுநாளே அவனை நர்மதாவிடம் இழுத்துக்கொண்டு போய் ஒப்புக்கொண்டேன். "கை மாத்திக் காட்ட இது இன்னா ரேஷன் கார்டா சார்? இவரு இப்டியே ஷிப்ட்டுக்குப் போய்க்கினு இருந்தா இன்னா ஆவறது?" என்று நர்மதா கிழித்துவிட்டாள். அவனுக்கு மாத்திரை ஆரம்பித்தாயிற்று. என் கையையும் பார்த்தாள். "ஒங்களுக்கு ஒண்ணியும் இல்ல சார், ஊறுகாய மட்டும் கொறைங்க" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. உனக்குப் போன் போடப் போனவளை, "நானே சொல்லிக்கிறேம்மா" என்று தடுத்துவிட்டேன்.

ஆகவே பயப்பட ஒன்றுமில்லை. அவசரப்பட்டு ரயில் ஏறாதே. அருணா உடம்பு தேறும்வரை இருந்து நிதானமாக வா. பேத்திக்கு ஆயிரம் முத்தம், மாப்பிள்ளைக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
குப்புராஜ்

பின்குறிப்பு: தபால்பெட்டி வரை போய்த் திரும்பிவிட்டேன். இந்தக் கடிதத்தை ஞாயிற்றுக்கிழமை நீ வந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்த பிறகு கையிலேயே கொடுக்கிறேன்.